எட்டு விளக்கும் எரிந்தன

கேபிள்காரனுக்கு ‘எட்டு விளக்கு’ என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்பவர்கள் ஏதோ நல்ல பெயர் என்றே நினைப்பார்கள். பெயரிலேயே வெளிச்சத்தைச் சுமக்கிறீர்களே என்று ஒரு வாடிக்கையாளர் பாராட்டியும் இருக்கிறார். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தொலைக்காட்சி, ஒலிப்பெட்டி, விளையாட்டுப் பெட்டி என்று வீட்டில் பொழுதுபோக்குக்காக வாங்கிக் குவிக்கும் சாதனங்களையெல்லாம் சுவருக்குள் ஓடும் கேபிளால் இணைத்துக் கொடுப்பது அவன் தொழில். அந்தக் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறங்கள்; ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக்கோடு போட்ட ஒரு துணை. இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு நான்கு ஜோடிகளாகக் கிடக்கும். அவற்றைப் பிரித்து, நேராக்கி, வரிசையாக நிறுத்தி, முனையில் மாட்டும் கனெக்டருக்குள் நுழைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிறகு இரு முனைகளிலும் டெஸ்டரை மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். எட்டும் எரிந்தால் வேலை முடிந்தது என்பார் டெஸ்டரை விற்பவர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுபது அறைகள் கொண்ட ஒரு விடுதியில் அவன் இந்த வேலையைச் செய்தான். அதுவரை விளக்கும் மின்விசிறியும் மாட்டிப் பழகிய கைக்கு இந்தக் கம்பிகள் புதியவை. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ‘ஜோடி பிரியக் கூடாது’ என்பதே அது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அதன் வெள்ளை, பச்சைக்குப் பக்கத்தில் அதன் வெள்ளை, அப்படியே நீலமும் பழுப்பும். பார்வைக்கு வெகு அழகான வரிசை. அவன் அந்த வரிசையில் நூற்றிருபது முனைகளை அழுத்தினான். ஒவ்வொன்றிலும் எட்டு விளக்கும் எரிந்தன. திறப்பு நாளன்று அறுபது தொலைக்காட்சிகளும் திக்கித் திணறி, படம் உறைந்து, நின்றுபோயின.

வெளியிலிருந்து ஒரு நிபுணர் விலையுயர்ந்த கருவியோடு வந்தார். அளந்தார். ஒரு தாளில் ‘எல்லா முனைகளிலும் ஜோடி பிரிந்துள்ளது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அந்த நான்கு சொற்கள் அவனுக்குத் தூக்குக் கயிறாயின. தற்காலிக அலுவலகத்தில் முதலாளி முன்னிலையில் மேற்பார்வையாளர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினார்.

“தலைபாடா அடிச்சுக்கிட்டேன் முதலாளி, ஜோடியைப் பிரிக்காதடான்னு. பிரிச்சு வெச்சிருக்கான் பாருங்க. அறுபது ரூமுலயும்!”

“எட்டு விளக்கும் எரிஞ்சுதே சார்,” என்றான் அவன்.

“எரிஞ்சுதா? எங்க, எல்லார் முன்னாடியும் எண்ணிக் காட்டு.”

டெஸ்டரை அவன் கையில் திணித்தார். அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை சத்தமாக எண்ணினான். ஸ்டோர்காரர் சிரித்தார். ‘ஏணி’ என்று பெயர்பெற்ற நெட்டை ஆசாமி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கனெக்டர் ஒன்றை உடைத்து உள்ளே பார்ப்போம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசல் தாண்டுவதற்குள் ஏணி பின்னாலிருந்து, “போயிட்டு வா, எட்டு விளக்கு!” என்று கூவினார். பெயர் அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் மகளைப் பிள்ளைகள் ‘ஒன்பதாவது விளக்கு’ என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து, கனெக்டர் பாக்கெட் ஒன்றுக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துத் தாளைப் படித்தபோதுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. விடுதி வேலையில் கம்பியோடு வெட்டிப்போட்ட கனெக்டர் ஒன்று பையின் அடியில் கிடந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். “என்னப்பா அப்படியே பாக்கறே?” என்று மகள் கேட்டதற்கு அவன் ஒரு கதை சொன்னான்.

எட்டுப் பலகைகள் கொண்ட ஒரு பாலத்தில் நான்கு தம்பதிகள் நிற்க வேண்டியிருந்தது. ஆரஞ்சுத் தம்பதி முதலில் கைகோத்து நின்றது. பழுப்புத் தம்பதி கடைசியில் கைகோத்து நின்றது. ஆனால் பாலத்தைக் கட்டியவன் மூன்றாம் பலகையையும் ஆறாம் பலகையையும் அடியில் ஒரே கயிற்றால் பிணைத்திருந்தான். அந்த இரண்டிலும் ஒரே தம்பதி நின்றால்தான் பாலம் ஆடாமல் இருக்கும். ஆகவே பச்சைக் கணவன் மூன்றிலும் மனைவி ஆறிலும் நிற்க, நீலத் தம்பதியை நடுவில் விட்டார்கள். கரையிலிருந்து பார்த்த ஒரு பெரிய மனிதர், “ஐயோ பாவம், பச்சையைப் பிரித்துவிட்டார்களே!” என்று பரிதாபப்பட்டு, அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். மேலே ஜோடி சேர்ந்தது. அடியில் கயிறு பிரிந்தது. பாலம் ஆடியது.

“அந்தப் பெரிய மனுஷனை யாருப்பா தண்டிச்சா?” என்று கேட்டாள் குழந்தை.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தான். மேற்பார்வையாளர் தெரிந்தே பொய் சொன்னார், தம் தலையைக் காப்பாற்றிக்கொள்ள இவன் தலையைக் கொடுத்தார் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. அவர் வாயால் உண்மை ஒரே ஒரு முறை வர வேண்டும். அன்று சிரித்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

ஒரு நாள் காலையில் அவன் வேலை பார்க்கும் தொலைக்காட்சிக் கடையிலிருந்து ஒரு விலாசம் வந்தது. புது வீடு. பணி ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக ஒரு திரையரங்க அறையே கட்டியிருக்கிறாராம். வைஃபை வேண்டாம், கம்பிதான் நம்பிக்கை என்று பிடிவாதமாம். கதவைத் திறந்தவரைக் கண்டதும் அவன் கையிலிருந்த கேபிள் சுருள் தானாக இறுகியது.

“அட, எட்டு விளக்கு! நீயா?” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார் மேற்பார்வையாளர். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. “வா, வா. பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. நான் எப்பவோ மறந்துட்டேன். இந்தத் தடவை பக்கத்துலயே நிக்கறேன், தப்பு வராது.”

“சரிங்க சார்,” என்றான் அவன். வேறு எதுவும் சொல்லத் தன் வாயை அவன் நம்பவில்லை.

வீடு நீளமானது. மாடியில், முன்பக்கத்துப் படிப்பறையில், படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டியும் அதன் அருகிலேயே கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டியும் இருந்தன. திரையரங்க அறை கீழே, பின்பக்கக் கோடியில். நடுவே சுவருக்குள் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடின. தொலைக்காட்சிக்கு ஒன்று, ஒலிப்பெட்டிக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்கு ஒன்று என மூன்று கேபிள்களை அவன் இழுத்து முடிக்கும்வரை மேற்பார்வையாளர் பின்னாலேயே நடந்தார்.

பையைத் தூக்கும்போதே அவன் மனத்தில் ஒரு கெட்ட எண்ணம் முளைத்திருந்தது. ஒரு கேபிளை மட்டும் அந்தப் பழைய வரிசையில் அழுத்திவிட்டால் என்ன? ஆனால் முதல் முனையை உரித்ததும், பழகிய விரல்கள் எஜமானனைக் கேளாமலே சரியான வரிசையை அடுக்கத் தொடங்கிவிட்டன. கை செய்கிற வேலையைக் கெடுக்க மனத்துக்குத் துணிவு வரவில்லை. அப்போதுதான் மேற்பார்வையாளர் குனிந்தார்.

“நில்லு, நில்லு. என்னடா பண்றே?”

“வரிசை வெக்கறேன் சார்.”

“இதுவா வரிசை? பச்சை ஒரு பக்கம், அதோட வெள்ளை ஒரு பக்கம், நடுவுல நீலம் வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கு! பன்னிரண்டு வருஷம் ஆகியும் அதே தப்பா? அன்னிக்கும் இப்படித்தானே வெச்சே? ஜோடி பிரியக் கூடாதுன்னு எத்தனை தடவைடா சொல்றது?”

அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. நடிப்பு இல்லை. திருத்த முடியாத மாணவனைக் கண்ட சலிப்பு மட்டுமே இருந்தது. அவருக்குத் தெரியாது! அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நிபுணர் எழுதிய ‘ஜோடி’ வேறு, தாம் சொன்ன ‘ஜோடி’ வேறு என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. தம் சட்டத்தை இவன் மீறினான் என்றே உண்மையில் நம்பியிருக்கிறார்.

இதை அறிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. பொய் சொல்லியிருந்தால், அந்தப் பொய் என்றாவது ஒரு நாள் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று இத்தனை காலம் ஓர் ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. மனிதர் பன்னிரண்டு வருஷமும் காலை நீட்டிப் போட்டுத் தூங்கியிருக்கிறார்.

“சார், மூணும் ஆறும் ஒரே ஜோடியா…” என்று ஆரம்பித்தான்.

“மூணும் வேண்டாம், ஆறும் வேண்டாம். நான் சொல்றதைச் செய். வீடு என்னுது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த முகத்தில் என்ன ஓடியது என்பதை அவர் பார்க்கவில்லை.

“சரிங்க சார். சொன்னபடியே செஞ்சுடறேன். ஆனா எனக்கு மறதி ஜாஸ்தி. வரிசையை உங்க கையால ஒரு அட்டையில எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா பெட்டிக் கதவுல ஒட்டிடுவேன். பின்னாடி வேற யாராவது வந்தாலும் குழப்பிக்க மாட்டாங்க.”

மேற்பார்வையாளருக்கு முகம் மலர்ந்தது. “இப்பதான் உருப்படியா பேசறே!” என்று மேசைமுன் உட்கார்ந்து, வெள்ளை அட்டையில், அச்செழுத்துப்போல எட்டு நிறங்களையும் எழுதினார். கீழே ‘ஜோடி பிரியக் கூடாது’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இழுத்தார். கையெழுத்துப் போட்டார். அவன் கேட்காமலே தேதியும் போட்டார்.

மூன்று கேபிள்களின் ஆறு முனைகளையும் அவன் அந்த வரிசையிலேயே அழுத்தினான். ஒவ்வோர் அழுத்துக்கும் கை கூசியது. கேபிள் முடியும் ஒவ்வொரு சுவர்ப் பாயின்ட்டின் பின்னாலும் ஒரு முழம் கேபிளை மிச்சமாகச் சுருட்டி வைத்தான். என்றாவது வெட்டிச் சரிசெய்ய வேண்டி வரும் அல்லவா?

மதியம் மேற்பார்வையாளர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது அவர் மனைவி தயங்கித் தயங்கி வந்தார்.

“தம்பி, சமையலறையில ஒரு சின்ன டிவி வெச்சிருக்கேன். அதுக்கும் ஒரு கம்பி இழுக்க முடியுமா? இவர்கிட்ட கேட்டா, அடுப்புக்கு எதுக்கு டிவிங்கறாரு.”

“இழுத்துடலாம்மா. குழாய் அந்தப் பக்கமாத்தான் போகுது.”

“நடுவுல நின்னு நின்னு போகக் கூடாதுப்பா. கதையில அவ கதவைத் திறக்கப் போவா, அப்ப பாத்து நின்னுடும். அரை நாள் எனக்கு வேலையே ஓடாது.”

“நிக்காதும்மா,” என்றான் அவன். அந்த அம்மாள் மேல் அவனுக்கு என்ன பகை? சமையலறைக் கேபிளின் மேல் முனையையும் கீழ் முனையையும் தன் வரிசையில் அழுத்தினான். கூச்சம் போய்க் கை பழையபடி ஓடியது.

மாலையில் மேற்பார்வையாளர் டெஸ்டரை வாங்கித் தாமே சோதித்தார். மூன்று கேபிளிலும் எட்டு விளக்கும் எரிந்தன. பாட்டுகள் போட்டுப் பார்த்தார், பாடின. பாட்டு சிறிய பாரம். ஆடுகிற பாலமும் அதைத் தாங்கும். யானை வரும்போதுதான் தெரியும்.

“பாத்தியா? நான் பக்கத்துல நின்னா எப்படி வருது! ஞாயித்துக்கிழமை பழைய ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கேன். முதலாளி, ஸ்டோரு, ஏணி எல்லாரும் வராங்க. என் பையன் என்னைப் பத்தி ஒரு படம் எடுத்திருக்கான். நாற்பது வருஷ சர்வீஸ். சினிமாக்காரங்க காமிராவுல எடுத்தது, பெரிய படம். நீயும் வந்து ஓரமா உக்காரு. எல்லாரும் உன்னைப் பாத்தா சந்தோஷப்படுவாங்க.”

யானை ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று தெரிந்துகொண்டு அவன் வீடு திரும்பினான்.

மனைவி தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். அக்கம்பக்கத்து உடைகளெல்லாம் அவள் கையால்தான் உருவாகும். நடந்ததை அவன் சொல்லச் சொல்ல, மிதிக்கும் கால் மெதுவாக நின்றது.

“அவரே எழுதிக் கொடுத்தாரா? கையெழுத்துப் போட்டு?”

“தேதியும் போட்டு.”

“நீங்க சொல்லிப் பாக்கலியா?”

“ஒரு தடவை ஆரம்பிச்சேன். வாயை அடைச்சுட்டாரு.”

“ஒரு தடவை ஆரம்பிச்சீங்க இல்ல? போதும். உங்களை ஒரு வார்த்தை பேச விட்டாங்களா அன்னிக்கு?” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நம்ம பொண்ணு அழுதுகிட்டு வந்தப்ப இந்த ஊசியால யாரைக் குத்தறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க. காலர் விறைப்பா இருக்கும்.”

“நான் செய்யறது சரியா?”

“அதைத் திங்கக்கிழமை யோசிக்கலாம்.”

ஞாயிறு காலை பத்து மணிக்குத் திரையரங்க அறையின் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். முன்வரிசையில் முதலாளி, தடி ஊன்றி வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஸ்டோர்காரர். பின்னால் ஏணி, உட்கார்ந்தாலும் அவர் தலை எல்லோருக்கும் மேலே தெரிந்தது. கதவோரம் போட்ட நாற்காலியில் நீலச் சட்டையோடு கேபிள்காரன். முழங்காலின்மேல் கருவிப்பை.

“டேய், இங்க பாருங்கடா, எட்டு விளக்கு!” என்றார் ஏணி. “இன்னும் எரியுதா, அணைஞ்சுடுச்சா?”

“எரியுதுண்ணே. அணைக்கத்தான் ஆள் கிடைக்கல,” என்றான் அவன். அவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

படம் தொடங்கியது. பெரிய திரையில் மேற்பார்வையாளர் தோன்றினார். முதல் நிமிடம் ஓடியது. இரண்டாம் நிமிடம் ஒரு முறை திக்கியது. பிறகு திரையிலிருந்த மேற்பார்வையாளர் கையை உயர்த்தி, “நாற்பது வருஷத்துல என் கையால நடந்த எந்த வேலையிலயும் ஒரு தப்புகூட…” என்று சொல்லி, வாய் திறந்தபடியே நின்றுபோனார்.

அறை காத்திருந்தது. திறந்த வாய் மூடவில்லை. உள்நாக்குவரை பெரிதாகத் தெரிந்தது.

“தப்புகூட… என்னப்பா? சொல்லி முடி,” என்றார் ஸ்டோர்காரர்.

மேற்பார்வையாளர் ரிமோட்டை அழுத்தினார். படம் ஐந்து விநாடி நகர்ந்து மறுபடி நின்றது. இந்த முறை கண் பாதி மூடி, தும்மப் போகிறவர்போல இருந்தார். ஏணிக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “என்னங்க, சமையலறை டிவியில நல்லா ஓடுதே! எல்லாரையும் இங்க கூப்பிடட்டுமா?” என்றார்.

முதலாளி தடியை ஊன்றி எழுந்தார். வந்த விருந்தெல்லாம் வரிசையாகச் சமையலறைக்குள் நுழைந்தது. பாத்திரங்களுக்கு நடுவே, ஒரு முழ அகலச் சின்னத் தொலைக்காட்சியில் அதே படம் தண்ணீர்போல ஓடியது. மேற்பார்வையாளரின் நாற்பது ஆண்டுப் பெருமையை அவர்கள் அடுப்பில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள்.

“இது எப்படி? அதே பெட்டி, அதே படம்!” மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. “டேய், எட்டு விளக்கு! டெஸ்டரை எடு!”

அவன் எடுத்துக் கொடுத்தான். திரையரங்க அறையின் கேபிளில் அவரே மாட்டினார். எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

“பாருங்க முதலாளி! எட்டு விளக்கும் எரியுதே!”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முதலில் ஸ்டோர்காரர்தான் ‘க்ளுக்’ என்றார். ஏணி சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மேற்பார்வையாளரையும் கதவோரத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சமையலறையில வேலை செஞ்சது யாரு?” என்று கேட்டார் முதலாளி.

“நான்தான் முதலாளி.”

“இங்க?”

“இங்கயும் நான்தான். ஆனா அங்க நான் செஞ்சது. இங்க சார் சொன்னது.”

அவன் மாடிக்குப் போய்ப் பெட்டிக் கதவிலிருந்து அட்டையை உரித்துக்கொண்டு வந்தான். திரையரங்க அறையின் பாயின்ட்டையும் சமையலறைப் பாயின்ட்டையும் கழற்றி, கம்பி வரிசையை வெளிச்சத்தில் காட்டினான். விடுதிக் காலத்துக் கனெக்டரும் பையில்தான் இருந்தது. அதையும் மேசைமேல் வைத்தான். அட்டையும் விடுதியும் ஒரே வரிசை. சமையலறை மட்டும் வேறு. பிறகு, தன் மகளுக்குச் சொன்ன பாலத்துக் கதையை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நிதானமாகச் சொன்னான். பச்சைத் தம்பதியைப் பரிதாபப்பட்டுச் சேர்த்துவைத்த பெரிய மனிதர் வரும் இடத்தில் யாரையும் பார்க்காமல் சொன்னான். மற்ற எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

முதலாளி அட்டையைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். அடிக்கோட்டை விரலால் தடவினார். “அறுபது ரூமும் இப்படித்தானா?” என்றார் மெல்ல.

“கருவியில கோளாறு இருக்கலாம்,” என்றார் மேற்பார்வையாளர். குரலில் உரம் இல்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்தார். “இப்ப இதைச் சரி பண்ண முடியுமா… முடியுங்களா?”

அந்த ‘ங்க’ அவன் காதில் தேனாக இறங்கியது. ஆனால் அது போதவில்லை. மாடிக்குப் போய் மேல் முனையை வெட்டி, தன் வரிசையில் அழுத்தினான். கீழே வந்து மிச்சக் கேபிளை இழுத்து, அந்த முனையையும் அழுத்தினான். டெஸ்டரை மாட்டினான். பிறகு அதை மேற்பார்வையாளரிடம் நீட்டினான்.

“நீங்களே எண்ணுங்க சார். சத்தமா. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“எதுக்குப்பா, நீங்களே…”

“எண்ணு,” என்றார் முதலாளி.

மேற்பார்வையாளர் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றில் கனைத்துக்கொண்டார். எட்டு வரை எண்ணினார்.

“எட்டு விளக்கும் எரிஞ்சுதா சார்?”

“எரிஞ்சுது.”

“இதுக்கு முன்னாடி, தப்பா இருந்தப்பவும் எரிஞ்சுதா?”

மேற்பார்வையாளர் டெஸ்டரைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

“எரிஞ்சுது.”

“விடுதியிலயும்?”

டெஸ்டரை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அங்கயும் எரிஞ்சிருக்கும்,” என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் கேட்க விரும்பியது அவ்வளவுதான். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தான். மற்ற இரண்டு கேபிள்களையும் நாளைக் காலை வந்து சரிசெய்வதாகச் சொன்னான். திரை உயிர் பெற்றது. பெரிய திரையில் மேற்பார்வையாளர், “…ஒரு தப்புகூட வந்ததில்லை!” என்று கணீரென்று முடித்தார். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பின் நடுவே அந்த அம்மாள் மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனார். அவர் முதுகைப் பார்த்தபோது அவனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. அதைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து ஏணியின் குரல் கேட்டது. “எட்டு விளக்கு! கொஞ்சம் நில்லு!”

பழக்கத்தால் அவன் திரும்பினான். கூடத்தில் நின்ற மேற்பார்வையாளரும் திரும்பினார். ஏணி பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.

வீட்டில் மனைவி அவன் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்தான். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“நல்ல கெட்டி அட்டை. பச்சை நூல் சுத்த ஒண்ணு வேணும்னு இருந்தேன்.”

சிக்கலாகக் கிடந்த நூலை எடுத்து அட்டையில் சுற்றத் தொடங்கினாள். ஆரஞ்சு மறைந்தது. நீலம் மறைந்தது. அடிக்கோடு போட்ட வரியும் நூலுக்கடியில் போயிற்று. அவன் சட்டென்று கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அந்தக் கையெழுத்து மேல சுத்தாதே. அது வெளிய தெரியட்டும்.”